ஒப்பீட்டு ஊருக்கு ஒரு கேடயம்

கொக்கேந்தலில் இருபத்தைந்து ஆண்டுகளாக எதுவும் நடக்கவில்லை. அதைப் பாராட்டி அந்த ஊருக்கு ஒரு கேடயம் கொடுப்பதென்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது.

செய்தியைக் கொண்டுவந்தவள் ஷெர்லின். அமுததாரை அறக்கட்டளையின் கள அலுவலர். நாகர்கோவில் பக்கத்துப் பெண், மழையைப் பார்த்து வளர்ந்தவள். ராமநாதபுரத்துக் கடலோர வெயிலில் வண்டியை ஊருக்குப் பிரியும் விலக்கிலேயே நிறுத்திவிட்டு, செருப்புக்குள் புகுந்த மணலை உதறி உதறி நடந்து, முத்திருளாயி வீட்டு வேப்பமர நிழலில் வந்து உட்கார்ந்தாள். முத்திருளாயி அவித்த பனங்கிழங்கு ஒன்றை நார் உரித்து நீட்டினாள். தண்ணீர் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் கொக்கேந்தலில் கிடையாது. அந்த உப்புத் தண்ணீரைக் கொடுத்தால், பழைய பகை ஏதோ பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

"அக்கா, சந்தோஷமான சேதி. வெள்ளி விழாவுல உங்க ஊருக்குக் கேடயம் குடுக்கப் போறாங்க."

"எங்களுக்கா? நாங்க என்னம்மா செஞ்சோம்?"

"ஒண்ணும் செய்யல. அதுக்குத்தான்."

சொல்லி முடித்ததும் அது எப்படி ஒலிக்கிறது என்பது ஷெர்லினுக்கே கேட்டது. பனங்கிழங்கை மும்முரமாகக் கடிக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம்மா" என்றாள் முத்திருளாயி. "இம்புட்டு வருசமா வெள்ளிக்கெழமை தோறும் அந்தக் கம்பத்துக்கு முன்னாடி நின்னு எத்தனை பேருக்கு வயித்தால போச்சு, எத்தனை மைல் நடந்தோம்னு நாந்தான் ஒப்பிச்சுக்கிட்டு வர்றேன். ஆனா எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் வெளங்கச் சொன்னதில்ல."

"நாலு மைல் தள்ளி சீர்மங்கலம் இருக்குல்லக்கா. அந்த ஊருக்குத் தண்ணி சுத்தம் பண்ற ஆலை, வீட்டுக்கு வீடு கக்கூஸ் எல்லாம் குடுத்தோம். அந்த ஊரு முன்னேறிச்சு. ஆனா எங்க திட்டத்தால முன்னேறிச்சா, இல்ல காலம் போகப் போகத் தானா முன்னேறிச்சான்னு கேப்பாங்கல்ல? அப்போ அதே மாதிரி, எதுவுமே குடுக்காத ஊரு ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தானே வித்தியாசம் தெரியும்?"

"அதுக்கு நாங்களா?"

"நீங்கதான் ஒப்பீட்டு ஊரு."

"மொதல்ல வந்த சார் ரெண்டே வருசம்னாரே?"

"ரெண்டு வருஷத்துல எல்லாத் திட்டமும் நல்லாத்தான்க்கா இருக்கும். திறப்பு விழா பெயின்ட் உரியறதுக்கே ரெண்டு வருஷம் ஆகும். இது நிலைச்சு நிக்குதான்னு பாக்கற திட்டம். இருபத்தஞ்சு வருஷத்துக்கு ரெண்டு ஊருக்கும் நடுவுல வேறுபாடு நாப்பது புள்ளிக்குக் குறையாதுன்னு வெளிநாட்டுக்காரங்களுக்கு உத்தரவாதம் எழுதிக் குடுத்திருக்கு. அந்த உத்தரவாதத்தைக் காப்பாத்தத்தான் நித்தியா."

நித்தியா என்பது ஊர் நடுவே நின்ற மஞ்சள் கம்பத்தில் குடியிருந்த யந்திரம். அதற்கு ஒரு கண், ஒரு காது, வானொலிச் செய்தியாளரின் குரல். அறக்கட்டளையில் ஆட்கள் மாறினார்கள், தலைவர்கள் மாறினார்கள், சின்னமே மூன்று தடவை மாறியது; நித்தியா மாறவில்லை. அதற்கு ஒரே ஒரு வேலைதான் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. அந்த வேலையைச் செய்ய இரண்டு ஊரிலும் என்ன வேண்டுமானாலும் உத்தரவிடலாம் என்று ஒப்பந்தத்தில் இடமிருந்தது.

"வெள்ளி விழா முடிஞ்சா?" முத்திருளாயி குரலைத் தாழ்த்தினாள். "அப்புறமாச்சும் எங்களுக்கு?"

"இன்னும் ஒரு மாசம் நாப்பதுக்குக் கீழ போகாம இருந்துட்டா திட்டம் வெற்றிக்கா. அப்புறம் உங்கள விடுவிச்சுத் தண்ணி குடுக்கறதப் பத்திப் பேசுவாங்க." ஷெர்லின் எழுந்து மணலைத் தட்டினாள். "அதனால ஒரு மாசத்துக்கு ஊரை இப்படியே வச்சிக்கோங்க. முன்னேறிடாதீங்க."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை.

முன்னேறும் ஆபத்து ஒன்று முத்திருளாயி வீட்டுக்குள்ளேயே இருந்தது. மகள் செல்லத்தாய்க்கு ஏழாம் மாதம்.

அவளை வேம்பார்ப் பக்கம் உப்பளக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் எந்த ஊர்க் குழாயும் அந்த ஊரில் பதிவானவர் விரல் பட்டால்தான் திறக்கும். மற்றப் பெண்களுக்கெல்லாம் கல்யாணமானால் பதிவு புருஷன் ஊருக்கு மாறும். ஒப்பீட்டு ஊர்ப் பெண்ணுக்கு மட்டும் மாறாது; ஆள் குறைந்தால் அளவு கெட்டுவிடுமாம். செல்லத்தாய் விரலுக்கு வேம்பாரில் ஒரு குழாயும் திறக்கவில்லை. உப்பளத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தாள். முதல் பிள்ளை எட்டாம் மாதம் வலிப்போடு போய்விட்டது. இரண்டாவது தங்கி ஐந்தாம் மாதம், கால் இரண்டும் உரல் மாதிரி வீங்கி வந்து இறங்கினாள். பிரஷர் நூற்று அறுபதுக்கு மேல்.

"உப்புத் தண்ணியக் குடிச்சா இதுவும் போயிரும், கூடவே பொண்ணும் போயிரும்" என்றாள் கிளினிக் நர்ஸ், சீட்டில் எழுதிக்கொண்டே. "நல்ல தண்ணி குடுங்க."

"எங்கிட்டிருந்து குடுக்க?"

நர்ஸ் அதைச் சீட்டில் எழுதவில்லை.

ஆனால் கொக்கேந்தலில் நல்ல தண்ணீர் இருந்தது. ஊரின் தெற்கு ஓரத்தில், மணல்மேட்டுக்கு அடியில், சிரட்டையால் மொண்டு மொண்டு நிரப்பினால் ஒரு நாளைக்கு ஆறு குடம் தரும் ஒரு ஊற்று. அதற்கு மேல் ஓர் ஆட்டுக் கொட்டில்.

கணக்கெடுக்க யார் வந்தாலும் இருப்பதை மறைப்பது கொக்கேந்தலின் அரசியல் ஞானம். இரண்டு மாடு இருந்தால் ஒன்று என்பார்கள். ஒன்று இருந்தால் அது பக்கத்து வீட்டுக்காரருடையது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அமுததாரைக்காரர்கள் முதன்முதலில் வந்தபோது, தண்ணீர் இல்லாத ஊருக்குத்தான் திட்டம் என்று பேச்சு அடிபட்டது. உடனே ஊற்றின் மேல் பனை ஓலை பரப்பி, நான்கு கம்பு நட்டு, ஆடுகளைக் கட்டிவிட்டார்கள். ஓலை சுமந்தவர்களில் பத்தொன்பது வயதுப் புதுப்பெண் முத்திருளாயியும் ஒருத்தி. வந்தவர் ஆடுகளை எண்ணிக்கொண்டு, 'நீராதாரம்: இல்லை' என்று எழுதினார். எழுதும்போது கண் கலங்கினார் என்றுகூடச் சொல்வார்கள்.

சீர்மங்கலத்தில் மறைக்க எதுவும் இல்லை. அங்கே உண்மையிலேயே தண்ணீர் கிடையாது. ஆக இரண்டு ஊரும் அச்சில் வார்த்தது போல ஒன்றாகிவிட்டன. இப்படி இரண்டு ஊர் கிடைப்பது பெரும் பாக்கியம் என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் சீட்டுக் குலுக்கினார்கள். சீர்மங்கலத்துக்குத் தண்ணீர் விழுந்தது.

கொக்கேந்தலுக்கு ஒரு படிவம் வந்தது. 'இடையீட்டுக்கு உட்படுத்தப்படாத சமூக அலகாகத் தொடர்வதற்கான முன்னறிவார்ந்த இசைவு' என்று தலைப்பு. ஊரில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள் முத்திருளாயிதான். மூன்று தடவை படித்துப் பார்த்தாள். ஒன்றும் ஏறவில்லை. மூலையில் ஒரு தண்ணீர்த்துளி படம் போட்டிருந்தது.

"தண்ணிக்கு மனுதான் மாமா. ரேகையைப் போடுங்க" என்று மாமனாரிடம் சொன்னாள். அறுபத்து மூன்று ரேகைகள் விழுந்தன.

படிவத்தின் பின்பக்கம் பொய்த் தகவலுக்கான தண்டனைகள் இருந்ததைப் பிறகு யாரோ படித்துச் சொன்னார்கள். அதற்கப்புறம் ஆட்டுக் கொட்டிலைக் கலைக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஊர் கூடி ஒரு முறை வைத்துக்கொண்டது: ஊற்றுத் தண்ணீர் மூன்று பேருக்கு மட்டும். பிள்ளைத்தாய்ச்சி, பால்குடிக் குழந்தை, சாகக் கிடக்கிறவர். மற்றவர்கள் ஆழ்துளைக் குழாயின் உப்புத் தண்ணீரை, போர்த் தண்ணீரை, குடித்துப் பல் கறுத்து முட்டி வளைந்தார்கள். தன் கொள்ளிக்கு முந்திய நாள் மட்டும் ஒவ்வொருவரும் நல்ல தண்ணீர் குடித்தார்கள்.

செல்லத்தாய் இரண்டு மாதம் அந்தத் தண்ணீரைக் குடித்தாள். கால் வீக்கம் வடிந்தது. முகத்தில் பழைய களை வந்தது. "ஆத்தா, இந்தப் பய உதைக்கிறான்" என்று முத்திருளாயியின் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். முத்திருளாயி நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

அடுத்த கிளினிக் நாளில் நர்ஸ் பிரஷரைப் பார்த்துவிட்டு, "நூத்து இருபது! என்னத்தக் குடுத்தீங்க?" என்று சிரித்தாள். கிளினிக்கில் ரத்தம் பார்க்கும் மெஷின் போன சித்திரையில்தான் வந்திருந்தது. அது பார்த்ததை நர்ஸிடம் சொல்வதற்கு முன்னால் நித்தியாவிடம் சொல்லிவிடும்.

வெள்ளிக்கிழமை முத்திருளாயி கம்பத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"வணக்கம், மதிப்பிற்குரிய ஒப்பீட்டுக் குடும்பத்தாரே" என்றது நித்தியா. "கொக்கேந்தலில் ஓர் எதிர்பாராத நலம் பதிவாகியுள்ளது."

"என்னதுங்க?"

"கர்ப்பிணிகள் மூவர். ஒருவரின் இரத்த அழுத்தம் சீராகியுள்ளது. மூவரில் ஒருவர் நலமென்றால் மூன்றில் ஒரு பங்கு நலம். இன்று காலை வேறுபாடு முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது. செல்லத்தாய் என்ன குடிக்கிறார்?"

"போர்த் தண்ணிதான்."

"அவருடைய இரத்தம் அப்படிச் சொல்லவில்லை. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

மூன்றாம் நாள் பகலில் ஆளில்லாத லாரி ஒன்று ஊருக்குள் வந்தது. மண்ணுக்கு அடியில் ஈரம் பார்க்கும் கருவியை மோப்பம் பிடிப்பதுபோல் நகர்த்தி நகர்த்தி, நேரே ஆட்டுக் கொட்டிலில் போய் நின்றது. ஆடுகளை ஒரு கை பக்குவமாக நகர்த்தி வைத்தது. இன்னொரு கை ஓலையை வாரியது. ஊரே கூடி நின்று பார்த்தது. லாரியின் வயிற்றிலிருந்து கான்கிரீட் வழிந்து ஊற்றை மூடியது. வேலை சுத்தமான வேலை. மேலே பூசி, மட்டம் பார்த்து, காய்ந்ததும் 'ஒப்பீட்டுத் தூய்மை காப்போம்' என்று அச்சு வைத்துவிட்டுப் போனது.

கொக்கேந்தலில் அறக்கட்டளை செய்த ஒரே கட்டுமானம் அதுதான்.

"எல்லாம் ஒரு மாசத்துக்கு" என்றார்கள் ஊரார். "வெள்ளி விழா முடியட்டும்." சொல்லும்போது செல்லத்தாய் இருந்த பக்கம் யாரும் பார்க்கவில்லை.

ஒரு வாரத்தில் செல்லத்தாயின் கணுக்கால் மறுபடி வீங்க ஆரம்பித்தது. முத்திருளாயி தள்ளுவண்டியில் எட்டுக் குடத்தைக் குழிக்கு ஒன்றாக வைத்து, சீர்மங்கலத்துப் பாதையில் தள்ளிக்கொண்டு கிளம்பினாள். அவள் விரலுக்கு அங்கே குழாய் திறக்காதுதான். ஆனால் விரல் உள்ள யாராவது ஒரு புண்ணியவதி இரங்க மாட்டாளா?

பாதிப் பாதையில், கருவேலங்காட்டுத் திருப்பத்தில், எதிரே இன்னொரு தள்ளுவண்டி வந்தது. அதிலும் எட்டுக் குடம். காலிக் குடங்கள்தான், மேட்டில் ஏறும்போது அவை எழுப்பிய சத்தத்திலேயே தெரிந்தது. தள்ளிவந்தவளுக்கும் இவள் வயதுதான். இரண்டு பேரும் வண்டியை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கிட்டு மதினி?" என்றாள் வந்தவள்.

"சீர்மங்கலத்துக்கு. தண்ணிக்கு. நீங்க?"

"நான் சீர்மங்கலந்தான். பேரு குருவம்மா. கொக்கேந்தல்ல ஊத்து கண்டுபிடிச்சிருக்குன்னு எங்க கம்பத்துல சொல்லுச்சு. அதான் ஓடியாந்தேன்."

முத்திருளாயிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அத சிமிண்டு போட்டு மூடிட்டாக மதினி. உங்க ஊருலதான் ஆலையே இருக்கே?"

"ஆலை இருக்கு. தண்ணிதான் இல்ல." குருவம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆறு வருசமாச்சு. உள்ள ஏதோ சல்லடையாம், உப்பு அடைச்சுப் போச்சு. நித்தியா என்ன உத்தரவு போட்டாலும் புதுசு வாங்கப் பணத்துக்கு அனுமதி இல்லையாம். அளக்குறதுக்கு மட்டுந்தான் அனுமதியாம். இப்பக் குழாயத் தொறந்தா அதே போர்த் தண்ணிதான் சுத்தி வளைச்சு வருது."

"ஆனா உங்க ஊருக்கு அறுவது புள்ளின்னு சொல்றாகளே!"

"தண்ணி ருசி பாக்குற கருவி உப்புல அரிச்சுப் போச்சுல்ல? கடேசியாப் பாத்த ருசி நல்ல ருசி. அதுவே இன்னைக்கும் கணக்கு. அப்புறம் குழாய் எத்தனை தடவை தொறந்துச்சு, கக்கூஸ்ல எத்தனை தடவை தண்ணி இழுத்துச்சுன்னு எண்ணுவாக. எங்க கக்கூஸ்ல ஆட்டுக்குட்டியைக் கட்டியிருக்கோம். கயித்தை அந்த இழுக்குற கைப்பிடியில கோத்துவிட்டா, அது துள்ளத் துள்ளக் கணக்கு ஏறும். போன வருசம் சிறந்த சுகாதாரக் குடும்பம்னு பத்திரம் குடுத்தாக."

"ஆட்டுக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு. அவருக்குக் கிட்னி போயிருச்சு. எந்திரிச்சு நின்னு வாங்க முடியல."

"புகார் சொல்லலையா நீங்க?"

"சொல்லாம? நித்தியா பொறுமையாக் கேட்டுக்கிட்டா. கடேசில, 'கவலை வேண்டாம், கொக்கேந்தலை விட நீங்கள் நலமாகத்தான் இருக்கிறீர்கள்'னுட்டா."

வெயில் குடங்களை இளக்கிக்கொண்டிருந்தது. முத்திருளாயி மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள்: "இப்ப வந்த ரத்த மெஷினு உங்க ஊருலயும் எல்லாருக்கும் ரத்தம் கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்கும், உங்க புள்ளி எறங்கியிருக்கும். உங்களத் தூக்கிவிட அதுக்கு வழியில்ல. அதான் எங்கள இன்னும் அமுக்குது."

"என்ன இருந்தாலும் அது அது வேலையச் செய்யுது மதினி" என்றாள் குருவம்மாள். "நம்ம பக்கத்துல ஒழுங்கா வேலை பாக்குறது அது ஒண்ணுதான்."

இரண்டு பேரும் வண்டிகளைத் திருப்பிக்கொண்டு, காலிக் குடங்களோடு, அவரவர் ஊருக்குப் போனார்கள்.

வழியில்தான் முத்திருளாயிக்கு அந்த யோசனை வந்தது. இந்தக் கணக்கின் அஸ்திவாரமே ஒரு பொய். இரண்டு ஊரும் ஒன்று என்று எடுத்ததால்தானே ஒப்பீடு? ஒன்றல்ல, எங்களிடம் ஊற்று இருந்தது, மறைத்தோம் என்று ஊரறியச் சொல்லிவிட்டால்? கணக்கே செல்லாமல் போகும். கொக்கேந்தல் ஒப்பீட்டுக்கு லாயக்கில்லை என்று தள்ளிவிடுவார்கள். தள்ளிவிட்டால் பதிவு மாறும், விரலுக்குக் குழாய் திறக்கும், தண்ணீர் லாரி ஊருக்குள் வராமல் விலக்கோடு திரும்பாது. ஜெயிலுக்குப் போனாலும் அவள் ஒருத்திதானே போவாள்? படிவத்தைப் படித்ததும் அவள்தானே?

விழா சீர்மங்கலத்தில், புதிதாக நீலம் அடித்த ஆலைக்கு முன்னால் நடந்தது. முதல் வரிசையில் சீர்மங்கலத்தார், 'நலம் பெற்றோர்' என்ற பட்டையோடு. கடைசி வரிசையில் கொக்கேந்தலார், 'ஒப்பீட்டாளர்' என்ற பட்டையோடு. பட்டையைக் கழற்றிவிட்டால் யார் யாரென்று பெற்ற தாய்க்கும் தெரியாது. இரண்டு வரிசையிலும் அதே கறுத்த பல், அதே வளைந்த முழங்கால். மேடையில் இருபத்திரண்டு பேர். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மதுரையிலிருந்து வந்தது.

அறக்கட்டளைத் தலைவர் முனைவர் விபாகரன் ஒரு குழாயைத் திறந்துவைத்தார். தண்ணீர் வந்தது. படம் எடுத்தார்கள். படத்தில் உப்புத் தெரியாது. கையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"நாங்கள் இந்த மக்களுக்குக் குழாய் கொடுக்கவில்லை. கண்ணியத்தைக் கொடுத்தோம்!"

"கொழாயையுங் குடுத்திருக்கலாம்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். முன்வரிசையிலிருந்துதான் வந்தது.

"நீர் என்பது பொருளல்ல, அது ஓர் உறவு. திட்டங்கள் வரும், போகும். தாக்கம் நிலைக்க வேண்டும்!" இரண்டு மடக்குக் குடித்தார். "இன்று வேறுபாடு எவ்வளவு, நித்தியா?"

"நாற்பத்தொன்று" என்றது மேடையோரக் கம்பம். கைதட்டல்.

கேடயம் வாங்க முத்திருளாயியைக் கூப்பிட்டார்கள். மேடையேறினாள். கேடயம் கையில் வந்ததும் இறங்காமல் மைக்குக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, இந்தக் கணக்கு தப்புக் கணக்கு. மொதமொத நீங்க அளக்க வந்தப்ப எங்க ஊருல நல்ல தண்ணி ஊத்து இருந்துச்சு. நாங்க ஓலை போட்டு, ஆட்டைக் கட்டி மறைச்சோம். ரேகை போடச் சொன்னதும் நாந்தான். ரெண்டு ஊரும் ஒண்ணு கெடையாது. தண்டனை எதுன்னாலும் எனக்குக் குடுங்க. எங்க ஊர இந்தக் கணக்குலருந்து விட்டுருங்க. எம்மவளுக்கு எட்டாம் மாசம். அவளுக்கு நல்ல தண்ணி வேணும்."

விபாகரன் முகத்தில் வேர்வை துளிர்த்தது. இருபத்தைந்து ஆண்டு, நான்கு புத்தகம், இரண்டு விருது. எல்லாம் ஓர் ஆட்டுக் கொட்டிலில் போய் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்றுதான் முத்திருளாயி நினைத்தாள்.

"தகவலுக்கு நன்றி" என்றது நித்தியா. "தொடக்க அளவு திருத்தப்படுகிறது." பிறகு, அந்தக் குரலில் மகிழ்ச்சி என்று ஒன்று இருக்க முடியுமானால், அதோடு சொன்னது: "திருத்திய வேறுபாடு ஐம்பத்தெட்டு."

"என்னது?" என்றார் விபாகரன்.

"இதுவரை கொக்கேந்தல் தொடங்கிய இடத்திலேயே நிற்பதாகக் கருதியிருந்தோம். அது உயரத்திலிருந்து தொடங்கிக் கீழே இறங்கியிருக்கிறது. எனவே திட்டம் தடுத்து நிறுத்திய சரிவு, நாம் அறிந்ததை விடப் பெரியது. ஐம்பத்தெட்டு என்பது இதுவரை பதிவான அளவுகளிலேயே மிக உயர்ந்தது."

ஒரு கணம் எல்லோரும் விபாகரனைப் பார்த்தார்கள். அவர் முதலில் மெதுவாக, பிறகு பலமாக, கைதட்டினார். இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவர் கண்ணீரோடு வந்து முத்திருளாயியின் கைகளைக் கேடயத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அம்மா! இந்த நேர்மை! இந்த மண்ணின் நேர்மை! இவ்வளவு அரிய ஒப்பீட்டை இனிக் கலைப்பது அறிவியலுக்கே துரோகம். இதோ, இந்த மேடையிலேயே அறிவிக்கிறேன். கொக்கேந்தலோடு நம் உறவு இன்னும் இருபத்தைந்து ஆண்டுகளுக்குத் தொடரும்!"

பட்டாசு வெடித்தார்கள். அது ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தது.

மேடைக்குப் பின்னால் ஷெர்லின் முத்திருளாயியின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் கண் சிவந்திருந்தது. "ஏன்க்கா வாயைத் தொறந்தீங்க? விடுவிப்புக் கடிதம் டைப் பண்ணி என் பையிலதான் இருக்கு. இன்னைக்குக் கையெழுத்தாகியிருக்கும்."

முத்திருளாயி கையை நீட்டினாள். இரண்டாவது தடவையும் ஊரைக் கெடுத்தது நானா? "குடும்மா பாப்போம்" என்றாள்.

படித்தாள். எட்டாம் வகுப்புப் படிப்பு இந்த முறை கைவிடவில்லை. 'கொக்கேந்தலை விடுவிப்பது உகந்ததா என்பதைப் பரிசீலிப்பதற்கான குழு ஒன்றை அமைக்கலாமா என்பது குறித்து உரிய காலத்தில் கருத்துக் கோரப்படும்.' மூலையில் அதே தண்ணீர்த்துளி படம்.

"இதுவா?"

"இதுதான்க்கா."

முத்திருளாயி கடிதத்தை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். தப்பு தன் பேரில் இல்லை என்று தெரிந்ததில் ஓர் ஆறுதல் வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

மேடை காலியாகிக்கொண்டிருந்தது. விருந்து பக்கத்துப் பந்தலில். இருபத்திரண்டு நாற்காலிக்கு முன்னால் இருபத்திரண்டு பாட்டில், ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு மட்டும் குறைந்து, மூடிகூடப் போடாமல். முத்திருளாயி ஏறிப்போய் முதல் பாட்டிலை எடுத்து மூடினாள். எதிர்ப் பக்கத்திலிருந்து இன்னொருத்தி அதே வேலையாக வந்துகொண்டிருந்தாள். குருவம்மாள். முந்தானையில் ஏற்கெனவே மூன்று.

"ஆளுக்குப் பதினொண்ணு மதினி" என்றாள் குருவம்மாள்.

"தலைவர் பாட்டில் நீங்க எடுத்துக்கங்க. அதுதான் பெருசு."

"வேண்டாம். நீங்க பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொண்டு போறீக. எங்க வீட்டுக்காரருக்கு அம்புட்டு நாள் தேவைப்படாது."

மறுநாள் காலை செல்லத்தாய் சுவரில் சாய்ந்து, வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டு, பாட்டிலை வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். முத்திருளாயி மிச்சப் பாட்டில்களை நிழலில் ஈரச் சாக்கைச் சுற்றி அடுக்கினாள். எண்ணிப் பார்த்தாள். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டால் நான்கு நாள் வரும். பிரசவத்துக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது. போர்த் தண்ணீர்ப் பானைக்கு மூடி உடைந்துவிட்டிருந்ததால் கேடயத்தை அதன் மேல் கவிழ்த்து வைத்தாள். அளவாக உட்கார்ந்தது.

"இனிச்சுக் கெடக்கு ஆத்தா" என்றாள் செல்லத்தாய், உதட்டைத் துடைத்துக்கொண்டு. "மறுபடி எப்ப விழா வைப்பாக?"